சொல்லித் தருபவர்களின் படிப்புக்கு ஓர் அழகிய கடன்

(பொன்விழா ஆண்டு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





எனக்கு மேடைப் பேச்சு வராது. கடையில் நின்று விளக்குக்கும் சுவிட்சுக்கும் விலை சொல்லிப் பழகியவன். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் மண்டபத்துக்கு ஏர்கோன் போடவும், விளக்குகளை மாற்றவும் 32,000 வெள்ளி ஒதுக்கலாம் என்று செயலவை யோசித்து வருகிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதியை வேறொரு காரியத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் நிற்கிறேன். காம்பாரில் மின்சாமான் கடை வைத்திருக்கும் உறுப்பினர் நான்தான். ஏர்கோன் போட்டால் யார் கடைக்கு ஆர்டர் வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே என் வாயால் இதைக் கேட்பதில் எனக்கு லாபம் இல்லை என்பதை முதலில் பதிவு செய்து விடுகிறேன்.

நான் கேட்பது, பாலர் பள்ளியிலும் மதரஸாவிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள் மேல்படிப்பு படிக்கவும், முறையான தகுதிச் சான்றிதழ் எடுக்கவும் ஒரு வட்டியில்லாக் கடன்நிதி.

இது எனக்கு எப்படித் தோன்றியது என்றால், என் லாத்தாவால். அவர் இங்கேதான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பேசாதே என்று காலையிலேயே சொன்னார். மன்னித்து விடுங்கள் லாத்தா.

என் லாத்தா எஸ்பிஎம் முடித்துப் பத்தொன்பது வயதில் ஒரு தாடிகாவில் உதவியாளராகச் சேர்ந்தவர். இந்தக் கூட்டத்தில் இருக்கிற இளைஞர்கள் பலருக்கு 'அலிஃப் பா தா'வும் 'அ ஆ'வும் 'ஏ பி சி'யும் அவர் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொண்டவைதான். எங்கள் அத்தா கடையைப் பார்த்துக்கொண்டார். நான் ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா படித்தேன். 1969-இல் தொடங்கிய, நாட்டின் முதல் பொலிடெக்னிக் அது. வீட்டில் ஒருவர் படிக்கத்தான் வசதி இருந்தது, அந்த ஒருவர் நான் என்று ஆனது. யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. அது அப்படியே நடந்தது.

பிறகு சட்டதிட்டங்கள் மாறின. அரசாங்கத்தின் 2013–2025 கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர்கள் குறைந்தது டிப்ளோமா தகுதி பெற வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. நான்கு வயதுப் பிள்ளையின் மூளை வளர்கிற வேகத்தைத் தெரிந்தவர் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் டிப்ளோமா எடு என்று சொல்வது சுலபம். பதினைந்து வருடமாக வேலை செய்கிறவர், கைக்கு 1,150 வெள்ளி வருகிறவர், எதை வைத்து எடுப்பது?

அப்போது நம் ஊரில் குறைந்தபட்ச சம்பளமே அவ்வளவுதான். 2020-இல் நகராண்மைப் பகுதிகளுக்கு 1,200, காம்பார் போன்ற மாவட்ட மன்றப் பகுதிகளுக்கு 1,100 என்று வைத்தார்கள். 2022 மே மாதம் 1,500 வந்தபோதுகூட, ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சின்ன இடங்களுக்கு 2023 ஜூலை வரை தவணை கொடுத்தார்கள். தாடிகாக்கள் பலவும் அந்தச் சின்ன இடங்கள்தான்.

லாத்தா முதலில் 2019-இல் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, 2,800 வெள்ளி முன்பணம், ஒன்பது மாதத்தில் டிப்ளோமா என்றார்கள். அழகான அட்டையில் சான்றிதழும் வந்தது. பிறகுதான் தெரிந்தது, எம்கியூஏ என்கிற மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பே இல்லை. எம்கியூஆர் என்று அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஐந்து நிமிட வேலை. அதைப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. பொலிடெக்னிக் படித்த தம்பி ஒருவன் வீட்டில் இருந்தான், அவனும் பார்க்கவில்லை.

2022 தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு முறையான கல்லூரியில் பகுதிநேர டிப்ளோமா கிடைத்தது. மூன்று வருடம், ஆறு செமஸ்டர், மொத்தம் 13,500 வெள்ளி. மாதத்துக்குப் பிரித்தால் 375. சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெட்ரோல், சாப்பாடு, போட்டோஸ்டாட் எல்லாம் தனி. அந்த மாதம் லாத்தா என்னிடம் 1,500 வெள்ளி கேட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அதே மாதம்தான் என் கடைக்கு எல்இடி பெயர்ப்பலகை போட்டேன். 4,800 வெள்ளி. இரவில் தூரத்திலிருந்து பார்த்தாலே கடை தெரியும்.

அடுத்த மாதமும் அவர் கேட்கவில்லை, அதற்கு அடுத்த மாதமும் கேட்கவில்லை. சமாளித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒருநாள் மோட்டார் சாவி தேடி அவர் பையைத் திறந்தபோது அர்-ரஹ்னு ரசீது இருந்தது. அம்மாவின் இரண்டு வளையல்.

இதற்கு மேல் வீட்டுக் கதை வேண்டாம். லாத்தா 2024 கடைசியில் முடித்தார். வளையலும் திரும்பி வந்தது. இப்போது பத்து காஜாவில் ஒரு தாடிகாவில் 1,900 வெள்ளிக்கு வேலை செய்கிறார்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒயரிங் வேலையில் முப்பது வருடம் கை பழகியவர் இருப்பார். சுவரைத் தட்டிப் பார்த்தே பைப் எங்கே போகிறது என்று சொல்வார். ஆனால் எரிசக்தி ஆணையத்தின் ஒயர்மேன் சான்றிதழ் இல்லையென்றால் சோதனை அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட முடியாது. வேலை முழுக்க அவர் செய்வார். இருபத்தைந்து வயதுப் பையன் வந்து கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கிப் போவான். சான்றிதழ் கையின் திறமையைக் கூட்டுவதில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை முழுதாக ஏற்கமாட்டேன். பரீட்சைக்குப் படித்த பிறகுதான் எர்த் ஏன், ஆர்சிசிபி ஏன் என்று புரிந்தது என்று பழைய ஒயர்மேன்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். லாத்தாவும் அதைத்தான் சொன்னார். ஒரு பிள்ளை நான்கு வயதாகியும் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால், முன்பு கூச்சம் என்று விட்டுவிடுவாராம். இப்போது எதைக் கவனிக்க வேண்டும், தாய் தகப்பனிடம் அதை எப்படிப் பக்குவமாகச் சொல்ல வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிகிறதாம். அப்படி ஒரு பிள்ளையை இந்த வருடம் அவர் நேரத்தோடு மருத்துவரிடம் அனுப்ப வைத்திருக்கிறார்.

சரி, அரசாங்கத்தில் உதவியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. யாருக்கு இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அரசாங்கப் பள்ளி ஆசிரியராக இருந்தால் ஹடியா லத்திஹான் பெர்செகுத்துவான் என்ற உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்யலாம். முதுகலை, முனைவர் படிப்புக்குக் கட்டணமும் கொடுத்து, சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்கிறார்கள். நம் சமூகத்தில் அரசாங்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மனுச் செய்யுங்கள், கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கும் தூரம் போக வேண்டாம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் நம் மாநிலத்திலேயே, தஞ்சோங் மாலிமில் இருக்கிறது.

தனியார் தாடிகா ஆசிரியைக்கு அந்தக் கதவு இல்லை. முதலாளி படிக்க வைக்கலாமே என்றால், எச்ஆர்டி கோர்ப் பயிற்சி நிதிக்குக் கட்டாயமாகச் சந்தா கட்டுவது பத்துப் பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் நிறுவனங்கள். மூன்று ஆசிரியை உள்ள தாடிகா அந்தக் கணக்கில் வராது. ஊழியர் சேமநிதியில் கல்விக்காகப் பணம் எடுக்கலாம். டிப்ளோமாவும் அதற்கு மேலும் இருந்தால் போதும், முன்பு இரண்டாம் கணக்கு என்றோம், 2024 மே முதல் அக்கவுன் செஜாத்ரா என்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் சம்பளம் குறைவாக இருந்தவர் கணக்கில் என்ன சேர்ந்திருக்கும்? லாத்தா எடுத்தது 2,300 வெள்ளி. ஒரு செமஸ்டருக்குத்தான் கண்டது.

பிடிபிடிஎன் கடன் 1997 முதல் இருக்கிறது, சேவைக் கட்டணம் 1 விழுக்காடுதான். நானே அதில் படித்தவன். லாத்தா அந்தப் பக்கம் போக மறுத்ததற்குக் காரணமும் நானே. படித்து முடித்து இரண்டு வருடம் தவணை கட்டாமல் இருந்தேன். வீட்டுக்குக் கடிதமாக வந்தது. அந்தக் காலத்தில் கட்டாதவர்கள் வெளிநாடு போக முடியாமல் பெயரைத் தடைப்பட்டியலில் போடுவார்கள். 2018-இல்தான் அதை எடுத்தார்கள். அம்மாவை உம்ரா கூட்டிக்கொண்டு போக நினைத்திருந்த நேரம். நான் ஓடிப்போய்ப் பாக்கியைக் கட்டியதைப் பார்த்த லாத்தா, கடனே வேண்டாம் என்று வளையலை எடுத்துக்கொண்டு போனார். என் தவறுக்கு அவர் விலை கொடுத்தார்.

தெரிந்த பெண்கள் சிலர் கூட்டு பிடிக்கலாம் என்றார்களாம். கூட்டு நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் 1971-இலேயே வந்துவிட்டது என்பதை இந்த மேடையிலிருந்து உங்கள் எல்லோருக்கும் பொதுவாக நினைவுபடுத்திக் கொள்கிறேன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், எஸ்பிஎம்மில் மூன்று கிரெடிட் இல்லை, அதனால் டிப்ளோமா முடியாது என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஏப்பெல் என்று ஒரு வழி இருக்கிறது. வேலை அனுபவத்தைத் தகுதியாக ஏற்றுக்கொள்வது. எம்கியூஏதான் நடத்துகிறது. டிப்ளோமாவுக்கு 20 வயது, பட்டப்படிப்புக்கு 21, முதுகலைக்கு 30 ஆகியிருக்க வேண்டும். ஒரு பரீட்சை, அதோடு செய்த வேலைகளைத் தொகுத்து ஒரு கோப்பு. லாத்தாவின் வகுப்பில் படித்த ஒரு சகோதரி அப்படித்தான் உள்ளே வந்தார், நாற்பத்திரண்டு வயதில். தாஸ்காவில் குழந்தை பராமரிப்பில் இருப்பவர்களுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் வழியும் உண்டு. அதற்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தனியாகக் கடன் கொடுக்கிறது.

நம் ஊரைப் பாருங்கள். 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் ஈயக்குட்டைக் கரையில் வந்தது. அதற்குப் பிறகு காம்பாரே மாறிவிட்டது. என் வியாபாரத்தில் பாதி, மாணவர்கள் வாடகை வீட்டுக்கு வாங்கும் காற்றாடியும் சோறு வேகவைக்கும் சட்டியும்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்க வருகிற ஊரில், அந்தப் படிப்புக்கெல்லாம் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுக்கிறவர் தன் டிப்ளோமாவுக்கு வளையல் அடகு வைக்கிறார்.

பழைய தோட்டக் காலத்திலும் இதே கதைதான். ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிக்கூடம் வந்தது. ஆசிரியர்? கங்காணியோ கிராணியோ, எழுத்துத் தெரிந்த யாரோ ஒருவர். கொட்டகை போடக் காசு கிடைத்தது. சொல்லிக் கொடுப்பவரைத் தயார் செய்யக் காசு கிடைக்க வெகுகாலம் ஆனது. என் கடைக்கு வருகிற ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வாரம் முழுக்கத் தோட்டத்தில் பாடம் நடத்திவிட்டு வாரக் கடைசியில் பயிற்சிக்குப் பேருந்தேறிப் போனதை இன்றும் சொல்வார். பேருந்துக் காசைச் சம்பளத்தில் எடுத்து வைத்தாராம்.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். சிங்கப்பூரில் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு, சான்றிதழ், டிப்ளோமா படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தையும் கொடுத்து மாதாமாதம் கைச்செலவுக்கும் கொடுக்கிறது. பதிலுக்கு முடித்தபின் சில காலம் அந்தத் துறையில் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஆசிரியர்களுக்குத் தேசிய வாரியச் சான்றிதழ் என்று ஓர் உயர்நிலைத் தகுதி இருக்கிறது. நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 475 டாலர், ஆக 1,900 டாலர். அங்கே வட கரோலினா மாநிலம் அந்தக் கட்டணத்தை ஆசிரியருக்குக் கடனாகக் கொடுக்கிறது. சான்றிதழ் வாங்கிவிட்டால் சம்பளம் 12 விழுக்காடு கூடுகிறது. கூடுகிற சம்பளத்திலிருந்து கடனை அடைத்துவிடலாம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது முறை. தானமாகக் கொடுத்தால் ஒருவரோடு முடிந்துவிடும். கடனாகக் கொடுத்தால் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகும்.

நமக்கு இது புதிதும் அல்ல. கர்ளன் ஹஸனா, அழகிய கடன், நாம் சிறுவயதிலிருந்து கேட்ட சொல். பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, மதீனாப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுப்பதே மீட்புத் தொகை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்ததாக வரலாற்று நூல்களில் படித்திருக்கிறோம். சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு எவ்வளவு பெரிய விலை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வியாபாரியாக நான் அதைப் படிக்கிறேன்.

இனி கணக்கு. முதலில் நான்கு பேர். ஒருவருக்கு 13,500 என்று வைத்துக்கொண்டால், சங்கம் கொடுப்பது அதில் பாதி, 6,750. நான்கு பேருக்கு 27,000, மூன்று வருடத்தில் பிரித்துக் கொடுப்பது. முழுக் கட்டணமும் கொடுக்கலாமே என்று சில சகோதரர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. முழுக்கக் கொடுத்தால் இரண்டே பேருக்குத்தான் கொடுக்க முடியும். தவிர, பாதி தன் காசாக இருந்தால் படிக்கிறவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனமாக இருப்பார். மாதம் 375 என்பது 187 ஆகக் குறைந்தால் வளையல் வீட்டிலேயே இருக்கும்.

பணத்தை ஆள் கையில் கொடுக்கக் கூடாது. செமஸ்டருக்கு ஒருமுறை கல்லூரிக் கணக்குக்கே போக வேண்டும். எம்கியூஆர் பதிவேட்டில் இல்லாத படிப்புக்கு ஒரு காசும் கிடையாது, அதில் யார் சிபாரிசும் எடுபடக் கூடாது. முடித்து ஆறு மாதம் கழித்து மாதம் 150 வெள்ளியாகத் திருப்பிக் கட்டினால் 45 மாதத்தில் தீரும். வட்டியும் இல்லை, சேவைக் கட்டணமும் இல்லை. உஸ்தாதுமார்களுக்கும் இது பொருந்த வேண்டும்; மதரஸாவில் ஓதிக் கொடுக்கிறவர் கற்பித்தல் டிப்ளோமா எடுக்க ஆசைப்பட்டால் அவரும் மனுச் செய்யலாம்.

போன மாதம் இதைப் பேசியபோது நம் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நாம் காசு கொடுத்துப் படிக்க வைப்போம், அவர் நல்ல சம்பளம் கிடைத்ததும் கிளம்பிப் போய்விடுவார். உங்கள் லாத்தாவே பத்து காஜாவுக்குப் போய்விட்டாரே?" நியாயமான கேள்வி. போய்விட்டார்தான். அவர் வேலை செய்த தாடிகாவில் இப்போது அவருக்குப் பதில் வந்திருப்பவர் பதினெட்டு வயதுப் பெண். சனிக்கிழமை நம் தமிழ் வகுப்புக்கு லாத்தா வருகிறார், ஆனால் முன்போல எல்லா வாரமும் வருவதில்லை. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1,150 வெள்ளியில் ஒருவரைக் காம்பாரில் கட்டிப்போட்டு வைப்பதற்குச் சங்கம் துணைபோக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி வைக்கலாம்: நம் சனிக்கிழமை வகுப்பில் இரண்டு வருடம் சொல்லித் தருகிறவருக்குக் கடனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2,250 வெள்ளி, தள்ளுபடி. கட்டாயம் வேண்டாம்.

நடுவில் ஒருவர் படிப்பை விட்டுவிட்டால்? பிரசவம், உடல்நலக் குறைவு, கணவர் வேலை மாற்றம் என்று எதுவும் வரும். ஒரு வருடம் வரை நிறுத்தி வைத்துத் தொடரலாம் என்று எழுதி வைப்போம். முழுக்க விட்டுவிட்டால் அதுவரை கொடுத்ததை மாதம் 50 வெள்ளியாகக் கட்டட்டும். சிலது வராமல் போகும். என் கடையிலும் கொஞ்சம் வாராக் கடன் இருக்கிறது, கடையை மூடவில்லை.

மீதி 5,000 வெள்ளி இருக்கிறது. அதில் இந்த மண்டபத்துக்குப் பெரிய சுவர்க் காற்றாடிகளும் எல்இடி விளக்குகளும் கொள்முதல் விலைக்கே நான் போட்டுத் தருகிறேன். புழுக்கம் முழுதாகப் போகாது. நிக்காஹ் வைபவம் மாலையில் வைத்தால் சமாளிக்கலாம்.

இது இன்றைக்கு முடிவாக வேண்டிய விஷயம் இல்லை. அடுத்த செயலவைக் கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குள் எழுதிக் கொடுங்கள். மனுப் பாரம் ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் தயார் செய்து செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், ஒரே தாள்தான். சேர நினைக்கும் படிப்பு எம்கியூஆரில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர்கள் அசருக்குப் பிறகு என் கடைக்கு வாருங்கள், கணினியில் உங்கள் முன்னாலேயே பார்த்துச் சொல்கிறேன். பாசார் மாலாம் நாளில் மட்டும் வராதீர்கள், அன்று கடையில் நிற்க இடம் இருக்காது. ஏப்பெல் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் லாத்தாவிடம் கேளுங்கள். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.